போன பக்கம் திரும்ப வருமா?

சனிக்கிழமை மாலை என்று வைத்துக் கொள்ளுங்கள். காப்பிக் கடை முடிந்து, பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து விட்டு, சற்று நிம்மதியாகக் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருகிறீர்கள். நீங்கள் திறக்கப் போவது சாதாரண பைல் அல்ல. உங்கள் மாமியார் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்த சமையல் குறிப்புகள், மொத்தம் 64. "கடுகு வெடித்ததும் பெருங்காயத்தைப் போடு, வெடிக்கும் முன்னே போட்டாயானால் கருகிப் போகும், தெரிந்ததா?" என்று அவர் அதட்டியதைக்கூட அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். சொன்னவர் இன்று இல்லை. அவருடைய குரல் என்று வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த பைல் ஒன்றுதான்.

திறந்து பார்த்தால், ஒரே ஒரு பக்கம்! ஆவக்காய் ஊறுகாய் மட்டும் இருக்கிறது. மற்ற 63-ஐயும் காணோம்.

பகீர் என்கிறது உங்களுக்கு. மெதுவாக ஞாபகம் வருகிறது. புதன்கிழமை மத்தியானம், வெளியூரில் இருக்கும் மகள் ஆவக்காய்க் குறிப்பு வேண்டுமென்று கேட்டாள். அதை மட்டும் தனியாக அச்செடுப்பதற்காக, மற்றவற்றையெல்லாம் கறுப்பாக்கி அழித்தீர்கள். அச்சு எடுத்தாயிற்று. மூடும்போது கம்ப்யூட்டர் மிகவும் மரியாதையாக, "மாற்றங்களைச் சேமிக்கட்டுமா?" என்று கேட்டது. அடுப்பில் பால் பொங்கிற்றோ, வாசலில் யாராவது கூப்பிட்டார்களோ, நீங்கள் "ஆம்" என்று சொல்லி விட்டு எழுந்து போய் விட்டீர்கள். அவ்வளவுதான்.

"குப்பைத் தொட்டியில் இருக்கும் அம்மா, எடுத்துக் கொள்ளலாம்" என்கிறான் மகன். குப்பைத் தொட்டி காலியாக இருக்கிறது. ஏன் இராது? நீங்கள் பைலைத் தூக்கி எறியவில்லையே! பைல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் வயிற்றில் இருந்ததுதான் போய் விட்டது. எறியப்பட்டதைக் குப்பைத் தொட்டி அறியும். மாற்றப்பட்டதை அது அறியாது.

"பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருக்கிறேனே!" என்று ஓடுகிறீர்கள். வைத்திருக்கிறீர்கள், வாஸ்தவம். ஆனால் ஒழுங்கு தவறாதவராகிய நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் புது நகல் எடுப்பவர். நேற்றும் எடுத்தீர்கள். நல்ல நகலின் மேல் கெட்ட நகல் உட்கார்ந்து கொண்டு விட்டது. உங்களுடைய ஜாக்கிரதையே உங்களுக்கு எதிரியாகி விட்டது!

இந்த நிலையில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது இன்னொரு நகல் அல்ல. வேண்டியது, புதன்கிழமை காலை. அந்தப் புதன்கிழமையை எடுத்துக் கொடுக்கும் வித்தை ஒன்று லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் உண்டு. அதற்கு ஸ்நாப்ஷாட் என்று பெயர்.

சிலேட்டும் கணக்கு நோட்டும்

ஸ்நாப்ஷாட் என்றதும் காமிராவும் புன்னகையும் நினைவுக்கு வரும். இதுவும் ஒரு வகையில் அப்படித்தான். இந்தக் கணத்தில் உங்கள் டிஸ்க்கில் எது எது எப்படி இருக்கிறதோ, அதை அப்படியே பிடித்து வைப்பது. ஆனால் நகல் எடுப்பதல்ல. வித்தியாசம் என்ன என்று கேட்டால், இரண்டு வீட்டுக் கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் பால் கணக்கைச் சிலேட்டில் எழுதுகிறார்கள். புதுக் கணக்கு எழுத வேண்டுமானால் பழையதைத் துடைத்தாக வேண்டும். துடைத்தது துடைத்ததுதான். பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடந்து கொள்கின்றன. பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்து விழும். அல்லது பழையது இருந்த இடம் "காலி" என்று குறிக்கப்பட்டு, பின்னால் வேறொன்று வந்து அங்கே குடியேறி விடும்.

இன்னொரு வீட்டில் தனித் தனித் தாள்களில் எழுதுகிறார்கள். ஒரு கணக்கு மாறினால் பழைய தாளில் கை வைப்பதில்லை. புதிய தாளில் எழுதி, "பால் கணக்கு இனி 81-வது தாளில்" என்று பொருளடக்கத்தை மட்டும் திருத்திக் கொள்கிறார்கள். பழைய தாளைப் பிறகு சாவகாசமாகக் கிழித்துப் போடுவார்கள். 'காப்பி-ஆன்-ரைட்' என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வது இந்த முறையைத்தான்.

இந்த இரண்டாவது வீட்டு அம்மாள் ஒரு நாள் காலை, "இன்றைய பொருளடக்கத்தை அப்படியே எடுத்துப் பீரோவில் வை. அதில் பெயர் உள்ள எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது" என்று உத்தரவு போடுகிறாள். அவ்வளவுதான், ஸ்நாப்ஷாட் தயார்! தாள்களை நகல் எடுக்கவில்லை. பொருளடக்கத்தை மட்டுமே வைத்துக் கொண்டாள். ஆகவே எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்து விடுகிறது. எடுத்த கணத்தில் அது பிடிக்கிற இடமும் இல்லை என்றே சொல்லலாம். பிற்பாடு நீங்கள் மாற்ற மாற்ற, அழிக்க அழிக்கத்தான், பழைய தாள்கள் தங்கிப் போவதால் இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும்.

வெண்ணெய் என்று ஒரு பைல்ஸிஸ்டம்

டிஸ்க்கில் தாள்களை அடுக்கி, பொருளடக்கம் எழுதுகிற நிர்வாகிக்குப் பைல்ஸிஸ்டம் என்று பெயர். எல்லா நிர்வாகிகளும் இந்தச் சாமர்த்தியம் உடையவர்கள் அல்லர். ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கம்பெனி 2005-ல் வெளியிட்ட 'இஸட். எப். எஸ்.' இதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியது. 2007-ல், ஆரக்கிள் கம்பெனியில் இருந்த கிரிஸ் மேஸன் என்பவர் லினக்ஸுக்கென்றே இதே வழியில் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். 2009-ல் அது லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்டது. 'பி. டி. ஆர். எப். எஸ்.' என்பது அதன் எழுத்துக்கள். வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரைப் பலர் செல்லமாக 'பட்டர் எப். எஸ்.' என்றே சொல்கிறார்கள். ஆம், வெண்ணெய்தான்! நாமும் அப்படியே சொல்வோம்.

2014-ல் ஓப்பன் ஸூஸே என்ற லினக்ஸ் வகை, தன் மூலப் பகுதிக்குப் பட்டர் எப். எஸ். ஸையே வழக்கமாக்கிக் கொண்டது. 2020-ல் வந்த பெடோரா 33, தன் மேஜைக் கம்ப்யூட்டர் பதிப்புக்கு அதையே ஏற்றது. உபுண்டு, மின்ட் போன்றவற்றைச் சாதாரணமாக நிறுவினால் 'எக்ஸ்ட் 4' என்ற வேறு நிர்வாகிதான் வருவார். உங்கள் வீட்டில் யார் நிர்வாகம் என்று தெரியாவிட்டால் 'டிஸ்க்ஸ்' என்ற புரோகிராமைத் திறந்து பாருங்கள்; பெயரைப் போட்டிருக்கும்.

ஸ்நாப்ஷாட் எடுப்பதற்கும், எண் போட்டு அடுக்குவதற்கும், பழையதைக் கழிப்பதற்கும் ஸூஸேக்காரர்கள் செய்த உதவியாளின் பெயர் ஸ்நாப்பர். ஓப்பன் ஸூஸேயில் இந்த ஆள் தானாகவே வேலைக்குச் சேர்ந்து விடுகிறான். புது மென்பொருள் ஒன்றைப் போடும்போது, போடுவதற்கு முன் ஒரு ஸ்நாப்ஷாட், போட்ட பின் ஒன்று என்று ஜோடியாக எடுத்து வைக்கிறான்.

இங்கேதான் ஜாக்கிரதை!

"அப்படியானால் எங்கள் வீட்டில் கவலையில்லை. மகன் ஓப்பன் ஸூஸேதான் போட்டிருக்கிறான்" என்று எழுந்து போய் விடாதீர்கள். ஸ்நாப்பர் தானாகக் காவல் காப்பது கம்ப்யூட்டரின் சொந்த உறுப்புக்களை மட்டுமே. உங்கள் கடிதங்கள், கணக்குகள், படங்கள், மாமியாரின் குறிப்புகள் எல்லாம் இருப்பது 'ஹோம்' என்ற தனிப் பகுதியில். அதை அவன் தொடுவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. கம்ப்யூட்டர் பழுதாகி அதை முந்தாநாள் நிலைக்குத் திருப்பினால், நேற்று நீங்கள் எழுதிய கடிதமும் சேர்ந்து போய் விடக் கூடாதல்லவா? வாசலில் கூர்க்கா நிற்கிறான் என்பதற்காக நகைப் பெட்டியைத் திறந்து போட்டு விட்டுத் தூங்குவோமா? இதுவும் அதே போலத்தான்.

பெடோராவிலோ, பட்டர் எப். எஸ். இருக்கிறதே தவிர, தானாக ஸ்நாப்ஷாட் எடுக்கும் ஏற்பாடு கூட வருவதில்லை. நீங்களாக வைத்துக் கொள்ள வேண்டும். மின்ட் லினக்ஸில் வரும் 'டைம்ஷிப்ட்' என்பதும் கம்ப்யூட்டரின் உறுப்புக்களைக் காப்பதற்கே. உங்கள் ஹோமை அதுவும் வழக்கமாக விலக்கி விடும்.

ஆகவே முதல் வேலை, ஹோமுக்கும் ஒரு காவல் போடச் சொல்வது. ஹோம் பகுதியும் பட்டர் எப். எஸ். ஸிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பிறகு ஸ்நாப்பரிடம் 'கிரியேட் கான்பிக்' என்ற கட்டளையால், ஹோம் என்ற பெயரில் ஒரு புதுக் கணக்குத் தொடங்கினால் போதும். மணிக்கு ஒரு ஸ்நாப்ஷாட் எடுக்கும் 'டைம்லைன்' வசதியும், பழையதைக் கழிக்கும் 'கிளீன் அப்' வசதியும் ஓடுகின்றனவா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இது அரை மணி வேலை. ஒரு டம்ளர் காப்பிக்குச் செய்து கொடுத்து விடுவார்கள்.

எத்தனை வைத்துக் கொள்வது? ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்குப் போதும்: மணிக்கு ஒன்றாக 10, நாளுக்கு ஒன்றாக 14, மாதத்துக்கு ஒன்றாக 3. மணிக்கணக்கில் உள்ளவை, சற்று முன் செய்த தவற்றுக்கு. நாள் கணக்கில் உள்ளவை, உங்கள் ஆவக்காய் விவகாரம் போல மூன்று நாள் கழித்துத் தெரிய வரும் தவற்றுக்கு. மாதக் கணக்கில் உள்ளவை, வருமான வரி சமயத்தில்தான் கண்ணில் படும் தவற்றுக்கு!

புதன்கிழமையைத் தேடி

சரி, உங்கள் வீட்டில் இந்த ஏற்பாடெல்லாம் முன்பே செய்தாயிற்று என்று வைத்துக் கொண்டு, அந்தச் சனிக்கிழமை மாலைக்குத் திரும்புவோம்.

முதலில், பதறாதீர்கள். அந்த பைலில் மேற்கொண்டு எதையும் எழுத வேண்டாம். இப்போது இருக்கிற ஒற்றைப் பக்கத்தையும் வேறொரு பெயரில் எடுத்து வையுங்கள். கெட்டுப் போனது என்று நாம் நினைப்பதிலும் சில சமயம் நல்லது ஒட்டிக் கொண்டிருக்கும். ஆவக்காய்க் குறிப்பில் புதனன்று நீங்கள் ஏதாவது திருத்தியிருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, 'ஸ்நாப்பர் லிஸ்ட்' என்ற கட்டளையை ஹோமின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எண், தேதி, நேரத்தோடு ஜாபிதா வரும். அதில் கெடுவதற்கு முந்திய கடைசி நல்ல வேளை எது என்று பாருங்கள். புதன்கிழமையின் மணிவாரி ஸ்நாப்ஷாட்டுகள் இதற்குள் கழிந்து போயிருக்கும். ஆனால் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் புதன்கிழமையின் முதல் ஸ்நாப்ஷாட் இருக்கும். அதன் எண் 118 என்று கொள்வோம்.

மூன்றாவது, சந்தேகம் தீர வேண்டுமானால் 'ஸ்நாப்பர் ஸ்டேட்டஸ்' என்று கேட்டு, 118-ஐயும் 0-வையும் ஒப்பிடச் சொல்லுங்கள். 0 என்றால் எப்போதும் 'இப்போது' என்று அர்த்தம். அன்று முதல் இன்று வரை புதிதாக வந்த பைலுக்குக் கூட்டல் குறி, அழிந்ததற்குக் கழித்தல் குறி, உள்ளே மாறியதற்கு 'சி' என்ற எழுத்து. உங்கள் சமையல் பைலுக்கு எதிரே 'சி' நிற்கிறதா? குற்றவாளி அகப்பட்டான்.

நான்காவது, ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் 'ஸ்நாப்ஷாட்ஸ்' என்ற மறைவான போல்டர் இருக்கிறது. அதற்குள் 118, அதற்குள் 'ஸ்நாப்ஷாட்' என்று போனால், புதன்கிழமை காலையில் உங்கள் வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்! போல்டருக்குள் போல்டராக நடந்து போய், குறிப்பு பைலை எடுத்து, இன்றைய ஹோமில் ஒரு புதுப் பெயரில் ஒட்டி விடுங்கள். இந்த மறைவான அறைக்குள் நுழைய 'ரூட்' என்ற சாவி வேண்டும். அல்லது உங்கள் பெயருக்கு அனுமதி எழுதி வைத்திருக்க வேண்டும். உள்ளே எதையும் மாற்ற முடியாது, பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஆகையால் கெடுத்து விடுவோமோ என்று பயப்பட வேண்டாம்.

'அன்டூ சேஞ்ச்' என்ற கட்டளையால் பைலை நேரே பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். அப்போது எந்த பைல் என்று பெயரைச் சொல்ல மறந்து விடாதீர்கள். சொல்லாவிட்டால் ஹோமில் உள்ள எல்லாமே புதன்கிழமைக்குத் திரும்பி விடும். வியாழனும் வெள்ளியும் எழுதியதெல்லாம் போய் விடும். தொலைந்த கம்மலைத் தேடி வீட்டையே இடித்த கதையாகும். ஒரு பைல் போனால் ஒரு பைலை மட்டுமே திருப்புவதுதான் விவேகம்.

இவனால் முடியாதவை

ஸ்நாப்ஷாட்டின் பெருமையைச் சொன்ன வாயால் குறைகளையும் சொல்லி விட வேண்டும்.

மத்தியானம் 2-30-க்கு எழுதி, 2-45-க்கு அழித்த ஒன்றை, 2 மணி ஸ்நாப்ஷாட்டும் அறியாது, 3 மணி ஸ்நாப்ஷாட்டும் அறியாது. பெரிய காரியம் ஒன்றில் இறங்குமுன், கையால் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து, "குறிப்புகளைத் திருத்துமுன்" என்று பெயரும் கொடுத்து விடுவது நல்லது.

டிஸ்க்கில் இடமில்லை என்று 4 ஜிகாபைட் கல்யாண வீடியோவை அழிக்கிறீர்கள். இடம் ஒரு துளியும் கூடவில்லை! ஆச்சரியப்படாதீர்கள். ஏதோ ஒரு ஸ்நாப்ஷாட் அதைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. அந்த ஸ்நாப்ஷாட் கழிந்த பிறகுதான் இடம் கிடைக்கும். இதே காரணத்தால், அழித்து விட்டோம் என்று நீங்கள் நினைக்கும் ரகசியங்களும் அங்கே உயிரோடு இருக்கும். பாங்கி பாஸ்வேர்டை பைலில் எழுதி வைத்துப் பிறகு அழிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்நாப்ஷாட்டுகள் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பழைய பொருளடக்கங்களும் தாள்களும் ஒரே பீரோவில். பீரோவே போனால்? டிஸ்க் செத்தாலும், கம்ப்யூட்டரைத் திருடன் கொண்டு போனாலும், நேற்றும் போயிற்று, முந்தாநாளும் போயிற்று.

அதனால்தான் உங்கள் பென்டிரைவைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒரே நகலின் மேல் மறுபடி மறுபடி எழுதாமல், தேதி போட்டு இரண்டு மூன்று நகல்களாக வைத்துக் கொள்ளுங்கள், போதும். வெளி டிஸ்க் ஒன்று வாங்கி அதிலும் பட்டர் எப். எஸ். போட்டால், 'ஸெண்ட்', 'ரிஸீவ்' என்ற இரு கட்டளைகளால் ஸ்நாப்ஷாட்டையே அங்கே அனுப்பலாம். முதல் தடவைதான் முழுவதும் போகும்; அடுத்த தடவைகளில் மாறியது மட்டும் போகும். எக்ஸ்ட் 4 உள்ள வீடுகளில், 'டேஜா டூப்' போன்ற ஒரு நகல் புரோகிராம், தேதிவாரியாகப் பழைய வடிவங்களை வெளி டிஸ்க்கில் காத்துத் தரும். கை தவறினால் ஸ்நாப்ஷாட். டிஸ்க் தவறினால் நகல். இரண்டும் இருக்கிற வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

எல்லாம் சரி. ஆனால் இந்த வித்தைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணித்துப் பயன் இல்லை. எடுக்காத ஸ்நாப்ஷாட்டிலிருந்து எந்தக் கெட்டிக்காரனாலும் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே இந்தப் பத்திரிகையை மடித்து வைக்குமுன், வீட்டில் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்பவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் ஹோமுக்கு ஸ்நாப்ஷாட் எடுக்கிறதா?" தலையைச் சொறிந்தால், இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்த பின், ஒரு பைலை எடுத்துக் காட்டச் சொல்லியும் பாருங்கள். திருப்பி எடுத்துப் பார்க்காத வரை எந்தக் காவலையும் நம்பக் கூடாது.

இதோ, 118-லிருந்து எடுத்த பைல் திறக்கிறது. முதல் பக்கம் வத்தக் குழம்பு. அப்புறம் எரிசேரி, மோர்க்களி, உப்புச் சீடை... உருட்டி உருட்டிக் கடைசி வரை போகிறீர்கள். 64-ம் இருக்கின்றன. கடைசிக் குறிப்பின் அடியில் அவருடைய வார்த்தை: "எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கொண்டு விட்டாய், சரி. தொலைத்து விடாதே!"

"மாட்டேன் அத்தை" என்கிறீர்கள், திரையைப் பார்த்து.